முதல் கோட்டுக்கு முந்தைய கணக்கு

கட்டட வடிவமைப்பு அலுவலகங்களிலும் ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளிலும் இன்று ஒரு கருத்து கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. ஆர்க்கிடெக்ட் மனதில் தோன்றுவதை வரைந்துகொண்டு போகலாம். அது நிற்குமா, நிற்க எவ்வளவு கனமான பீமும் தூணும் வேண்டும் என்பதைப் பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மென்பொருளில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். "அடிக்கு ஒரு இஞ்ச் பீம்" போன்ற தம்ப் ரூல்கள் ஸ்லைடு ரூல் காலத்தோடு முடிந்த சமாச்சாரம். அவை குத்துமதிப்பு, அறிவியல் அல்ல. ஈடாப்ஸ், ஸ்டாட் போன்ற மென்பொருள்கள் சில நிமிடங்களில் துல்லியமான விடை தரும்போது தோராயக் கணக்கை மனப்பாடம் செய்வதற்கு என்ன அவசியம் என்று கேட்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறானது. கட்டுகிறவரின் பணத்தையும், சில சமயம் குடியிருப்பவரின் உயிரையும் பணயம் வைக்கிற தவறு.

அடிப்படையான கேள்வியிலிருந்து தொடங்கலாம். மென்பொருளைத் திறந்ததும் அது முதலில் கேட்பது என்ன? பீமின் அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, தூணின் அளவு என்ன, தளத்தின் கனம் என்ன என்பதைத்தான். அந்த எண்களைக் கொடுத்தால்தான் கட்டடத்தின் சொந்த எடையும் விறைப்பும் அதற்குத் தெரியும். அதன் பிறகே கணக்கிடத் தொடங்கும். அந்த முதல் எண் எங்கிருந்து வருகிறது? தம்ப் ரூலிலிருந்துதான் வருகிறது. அல்லது போன ப்ராஜெக்டின் ஃபைலிலிருந்து காப்பி ஆகிறது. அதுவும் யோசிக்காமல் எடுத்தாண்ட ஒரு தம்ப் ரூல்தான். தோராயக் கணக்கு வேண்டாம் என்கிறவர்களும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்ன எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று பார்க்காமல் எடுப்பதால் அவர்கள் கையில் அது கூடுதல் ஆபத்தாகிறது.

வடிவமைப்பின் முதல் வாரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு சாதாரண உதாரணத்தில் பார்க்கலாம். ஐந்து தள வணிகக் கட்டடம். உரிமையாளர் பத்து மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூணே இல்லாத கூடம் கேட்கிறார். ஆர்க்கிடெக்ட் தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர் உயரம் வைத்து செக்‌ஷன் வரைகிறார். ஐந்து தளத்துக்கு 16.5 மீட்டர். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர்மாடிக் கட்டடம். அந்த வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். எலிவேஷன் தயாராகிறது, முப்பரிமாணப் படம் தயாராகிறது, உரிமையாளர் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்.

இங்கே ஒரு தம்ப் ரூல் தெரிந்தவர் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதுவார். அடிக்கு ஒரு இஞ்ச் என்றால் நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பத்து மீட்டருக்குத் தளத்தின் கனத்தையும் சேர்த்துச் சுமார் 830 மில்லிமீட்டர் பீம். அதன் அடியில் ஏ.சி. டக்ட் போக 400 மில்லிமீட்டர். ஃபால்ஸ் சீலிங்குக்கும் விளக்குக்கும் 150. மொத்தம் 1.38 மீட்டர். 3.3-இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 1.92 மீட்டர். சராசரி உயரமுள்ளவரே கையைத் தூக்கினால் கூரையைத் தொட்டுவிடுவார். குளிரூட்டிய அறையில் தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் அல்லது டக்ட் அடிவரை குறைந்தது 2.4 மீட்டர் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிபந்தனை. அந்த 2.4-ஐக் கொடுத்தால் தளத்துக்குத் தளம் 3.78 மீட்டர், ஐந்து தளத்துக்கு 18.9 மீட்டர். வரம்பு தாண்டிவிட்டது. கட்டடம் உயர்மாடி வகைக்குப் போகிறது. அதற்கான சாலை அகலம் வேறு, செட்பேக் வேறு, அனுமதி நடைமுறை வேறு. அந்த மனையில் அது சாத்தியமே இல்லாமலும் போகலாம்.

இந்தக் கணக்குக்கு ஐந்து நிமிடம் போதும். இது முதல் நாளே தெரிந்தால் வழிகள் பல. நடுவில் ஒரு வரிசைத் தூணை வைக்கலாமா என்று உரிமையாளரிடம் பேசலாம். நீளம் ஐந்து மீட்டராகி பீம் 420 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். முன்னிறுக்கக் காங்கிரீட்டுக்குப் போகலாம். பீமில் துளைவிட்டு டக்டைக் கொண்டுபோக இடம் ஒதுக்கலாம். ஒரு தளத்தையே குறைக்கலாம். மூன்றாவது மாதம் மென்பொருள் முடிவு கைக்கு வந்த பிறகு தெரிந்தால் இவற்றில் எதுவும் சுலபமில்லை. அப்போது பெரும்பாலும் பீமின் ஆழத்தை வெட்டி, கம்பியை அள்ளிக் கொட்டி, தொய்வை எப்படியோ வரம்புக்குள் காட்டி முடிக்கிறார்கள். மென்பொருள் பிழையே செய்யவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் நேரத்தில் கேட்கவில்லை.

தூணின் கதையும் இதுதான். ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடைவெளியில் தூண்கள் என்றால் உள்தூண் ஒன்றின் தலையில் ஒவ்வொரு தளத்திலும் 25 சதுர மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. தளம், பூச்சு, செங்கல் சுவர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து குடியிருப்புக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன் என்று எடுப்பது வழக்கம். தளத்துக்கு 30 டன். ஐந்து தளத்துக்கு 150 டன். பாதுகாப்புக் காரணி 1.5 சேர்த்தால் 225 டன். எம் 25 காங்கிரீட்டில் ஒரு சதவீதம் கம்பி வைத்த தூண், வளைவு எதுவும் இல்லாமல் நேர் சுமையை மட்டும் தாங்க, ஏறத்தாழ 1,70,000 சதுர மில்லிமீட்டர் பரப்பு வேண்டும். 300-க்கு 600 என்ற அளவு அதற்குச் சற்று மேல் வருகிறது. பிளானில் சுவருக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதற்காக 230-க்கு 450 வரையப்பட்டிருந்தால் அது தேவையில் அறுபது சதவீதம்தான். படுக்கையறையின் மூலையில் தூண் எவ்வளவு துருத்தும், அலமாரி எங்கே போகும், கார் நிறுத்துமிடத்தில் கதவு திறக்க இடம் இருக்குமா என்பதெல்லாம் இந்த எண்ணைப் பொறுத்தவை. அவை ஆர்க்கிடெக்டின் கேள்விகள். இன்ஜினியரின் தலையில் கட்ட முடியாதவை.

அதே 150 டன்னை இன்னும் கீழே கொண்டுபோகலாம். அஸ்திவாரத்தின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 165 டன். மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்றால் 11 சதுர மீட்டர், பக்கத்துக்கு 3.3 மீட்டர் ஃபுட்டிங். மண் களிமண்ணாகி 7.5 டன்தான் தாங்கும் என்றால் 22 சதுர மீட்டர். தூணுக்கு உரிய 25 சதுர மீட்டரில் கிட்டத்தட்ட முழுவதையும் ஃபுட்டிங்கே விழுங்கிவிடுகிறது. ஃபுட்டிங்குகளின் மொத்தப் பரப்பு கட்டடப் பரப்பில் பாதியைத் தாண்டினால் தனித்தனி ஃபுட்டிங்கை விட்டுவிட்டு ராஃப்ட்டையோ பைலையோ யோசி என்பது பழைய தம்ப் ரூல். முதல் வகையில் 44 சதவீதம், இரண்டாவதில் 88. அஸ்திவாரத்தின் வகையே மாறி, செலவுக் கணக்கும் தலைகீழாகிறது. மண் பரிசோதனை அறிக்கை வந்த அன்று மாலையே, எந்த மென்பொருளையும் திறக்காமல், இதை உரிமையாளருக்குச் சொல்லிவிட முடியும்.

ஓரத்தூணில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை வரைகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஓரத்தூணுக்குப் பாதிச் சுமை என்று வைத்தாலும், 15 டன் மண்ணில் அதற்கு 5.5 சதுர மீட்டர் வேண்டும், பக்கத்துக்கு 2.35 மீட்டர். தூணின் மையத்திலிருந்து இருபுறமும் 1.17 மீட்டர் ஃபுட்டிங் நீளும். மனை எல்லையிலிருந்து ஒரு மீட்டரில் அந்தத் தூணை வரைந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் மண்ணுக்கு அடியில் 17 சென்டிமீட்டர் நுழைந்தாகிவிட்டது. வானம் தோண்டும் நாளில் வெடிக்கும் சண்டையைப் பிளான் போடும் நாளிலேயே தவிர்த்திருக்கலாம்.

"சரி, ஆனால் இவை அறிவியல் அல்லவே" என்பது அடுத்த வாதம். அப்படியானால் இந்தியத் தரக் குறியீடுகளை என்ன சொல்வது? காங்கிரீட் கட்டமைப்புக்கான ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பைத் திறந்தால், பத்து மீட்டர் வரையிலான பீமுக்கும் தளத்துக்கும் தொய்வைக் கட்டுப்படுத்த நீளத்துக்கும் பயனுறு ஆழத்துக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதங்கள் தரப்பட்டிருக்கின்றன. ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் கேண்டிலீவருக்கு 7, இருமுனையிலும் சும்மா அமர்ந்திருப்பதற்கு 20, தொடர்ச்சியாகப் போவதற்கு 26. இவை அனுபவத்திலிருந்து பிறந்த விகிதங்கள். கம்பியின் அளவைப் பொறுத்துத் திருத்தக் காரணிகள் உண்டு. ஆனாலும் அடிப்படை எண் ஒரு தம்ப் ரூல்தான். 2.1 மீட்டர் பால்கனியை ஏழால் வகுத்தால் சுவரோரம் 300 மில்லிமீட்டர் ஆழம் வருகிறது. பத்திரிகைப் படங்களில் கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு அங்குலப் பால்கனியை வரைகிற மாணவருக்கு இந்த ஏழு என்ற எண் தெரிந்திருந்தால் போதும்.

குறியீட்டின் 20-க்கும் மேலே பார்த்த 12-க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறியீட்டின் விகிதம் தொய்வுக்கு மட்டும். வலிமைக்கும், கம்பி அளவோடு நிற்பதற்கும், காங்கிரீட் நெருக்கடி இல்லாமல் இறங்குவதற்கும் சுமை மிகுந்த பீமுக்கு அதைவிட ஆழம் தேவைப்படுகிறது. எந்த விதி எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை அறிந்திருப்பதும் தம்ப் ரூலைக் கற்பதன் ஒரு பாகம்.

இதைவிட வலுவான சான்று நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893. கட்டடம் ஒருமுறை ஆடி வர எத்தனை நொடி ஆகும் என்பதற்கு அது ஒரு அனுபவச் சூத்திரம் தருகிறது. சுவர் நிரப்பாத காங்கிரீட் சட்டகத்துக்கு, உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் முக்கால் அடுக்கை 0.075-ஆல் பெருக்க வேண்டும். பதினைந்து மீட்டர் கட்டடத்துக்கு 0.57 நொடி வருகிறது. தளங்களின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்துவிடு என்ற இன்னும் எளிய விதிப்படி ஐந்து தளத்துக்கு 0.5 நொடி. இரண்டும் அருகருகே. இனி மென்பொருள் என்ன செய்யும்? செங்கல் சுவர்களைச் சேர்க்காமல் வெறும் தூணும் பீமுமாக மாடல் செய்தால் கட்டடம் நிஜத்தைவிடத் தளர்வாகத் தெரியும். ஆடும் நேரம் நீளும். நேரம் நீண்டால் கணக்கில் வரும் நிலநடுக்க விசை குறையும். ஆகவேதான் குறியீடு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: மென்பொருளின் விரிவான ஆய்வு தரும் அடித்தள விசை அனுபவச் சூத்திரம் தருவதைவிடக் குறைந்தால், மென்பொருளின் விடையை அந்த விகிதத்தில் உயர்த்தியே ஆக வேண்டும். கணினியின் முடிவைத் தோராயச் சூத்திரம் திருத்துகிறது, அதுவும் சட்டப்படி. தம்ப் ரூல் அறிவியல் அல்ல என்பவர்கள் இந்தப் பிரிவுக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதொலைவில் இருந்த அகமதாபாத்திலும் கீழ்த்தளத்தைக் காருக்காகத் திறந்துவிட்டுத் தூண்மேல் நின்ற அடுக்குமாடிகள் பல சரிந்தன. அடுத்த ஆண்டு வந்த ஐ.எஸ். 1893-இன் திருத்தப் பதிப்பு, அப்படிப்பட்ட திறந்த தளத்தின் தூண்களைக் கணக்கில் வரும் விசையைப்போல 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. அந்த இரண்டரையும் அனுபவம் தந்த எண்தான். இடிபாடுகளைப் பார்த்துவிட்டு எழுதிய எண்.

கணக்கு இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து விளையாட்டரங்கின் கூரை, 300 அடிக்கு 360 அடி விரிந்த இரும்புச் சட்டகம். கணினி ஆய்வின் துணையோடு வடிவமைத்ததால் இரும்பு மிச்சமாகிறது என்பது அன்று பெருமையாகச் சொல்லப்பட்டது. 1978 ஜனவரி 18 விடியற்காலையில் பனியின் பாரத்தில் அந்தக் கூரை மொத்தமாகத் தரையில் விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் சுமார் ஐயாயிரம் பேர் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள். மேல்சட்டங்கள் 30 அடி நீளம். நடுவில் பிடிமானம் இருப்பதாக மாடலில் கொள்ளப்பட்டிருந்தது. நிஜத்தில் அந்தப் பிடிமானம் பயனற்றதாக இருந்தது. அழுத்தம் தாங்கும் சட்டத்தின் பிடிமானமற்ற நீளம் இரண்டு மடங்கானால் அது மடங்காமல் தாங்கும் சுமை நாலில் ஒன்றாகும் என்பது இன்ஜினியரிங் மாணவர் இரண்டாம் ஆண்டில் படிக்கும் உறவு. இன்னும் வேதனையான விஷயம், கட்டும்போதே கூரையின் தொய்வை அளந்தார்கள். கணினி சொன்னதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. சொல்லியும் பொருட்படுத்தப்படவில்லை. கணினியின் எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லாமல் போயிருந்தது.

இன்னொரு சான்றான நார்வேயின் ஸ்லைப்னர் ஏ கட்டடமல்ல, கடல் எண்ணெய்த் தளம். ஆனாலும் காங்கிரீட், ஆகவே பாடம் நேரடியானது. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் அருகே கடற்கழியில் சோதனைக்காக இறக்கும்போது அதன் சுவர் ஒன்று வெடித்து, மொத்தத் தளமும் மூழ்கியது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். நுண்கூறு ஆய்வு மென்பொருளில் சுவரைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் கண்ணி சரியாக அமையாததால், அறைகள் சந்திக்கும் இடத்தில் சுவரின் வெட்டுவிசை 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. அந்தச் சுவரைத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் ஒரு சாதாரண பீமாக எண்ணிக் காகிதத்தில் போட்டிருந்தால் இடைவெளி கண்ணில் பட்டிருக்கும். விபத்துக்குப் பின் செய்த கவனமான ஆய்வு 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. விடையின் பருமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர், அந்த விடையை எடுத்துப் பார்த்து முகம் சுளிக்கவில்லை என்பதே குறை.

தம்ப் ரூல் செய்யும் முக்கிய வேலை அந்த முகச்சுளிப்புத்தான். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேன் அறிக்கையை மட்டும் படிக்கிற மருத்துவர், வேறொரு நோயாளியின் அறிக்கை மாறி வந்தாலும் மருந்து எழுதிவிடுவார்.

எதிர்த்தரப்பின் அடுத்த ஆயுதம் சிட்னி ஓபரா ஹவுஸ். தம்ப் ரூல் பார்த்திருந்தால் அதன் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் சிப்பிபோல் வளைந்த அந்தக் கூரை ஓடுகளை வரைந்திருப்பாரா, புதுமைக்கே அது கைவிலங்கல்லவா என்கிறார்கள். நடந்ததை முழுதாகச் சொன்னால் வாதம் வேறு பக்கம் திரும்புகிறது. 1957-இல் போட்டியில் வென்ற வரைபடத்தின் ஓடுகளுக்கு எந்த வடிவியல் ஒழுங்கும் இல்லை. ஓவ் அரூப்பின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றை நிற்கவைக்கப் போராடினார்கள். அன்றைக்கு அபூர்வமாக இருந்த கணினியையும் அமர்த்தினார்கள். முட்டுச்சந்து திறந்தது எப்போது? எல்லா ஓடுகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொண்டபோது. வளைவு எல்லா இடத்திலும் ஒன்றானதால் விலாக்களைத் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வார்க்க முடிந்தது. எளிய ஒழுங்கு ஒன்று வந்த பிறகுதான் கட்டடம் எழுந்தது. அதற்குள் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு பத்து கோடியைத் தாண்டும் பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1963-இல் முடிய வேண்டியது 1973-இல் திறந்தது. அரசாங்கம் லாட்டரி நடத்திப் பணம் திரட்டிய அந்தக் கட்டடத்தின் அழகை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் கஜானாவும் ஒரு மேதையின் பொறுமையும் தாங்கிய சோதனையை, வங்கிக் கடனில் வீடு கட்டுகிறவரின் தலையில் வைப்பது நியாயமில்லை.

புதுமை செய்தவர்கள் தோராய எண்களை வெறுத்தார்கள் என்பதே கட்டுக்கதை. டாக்காவில் பிறந்து சிகாகோவில் உயரக் கட்டடங்களின் போக்கையே மாற்றிய ஃபஸ்லுர் கான், எத்தனை மாடிவரை எந்தக் கட்டமைப்பு முறை சிக்கனம் என்று ஒரு வரைபடமே போட்டுவைத்தார். சாதாரணச் சட்டகம் இத்தனை மாடிக்கு, குழாய்போன்ற வெளிச்சட்டகம் இத்தனைக்கு, மூலைவிட்டக் குழாய் அதற்கும் மேலே என்று. ஒரே பக்கத்தில் அடங்கிய தம்ப் ரூல் தொகுப்பு அது. அவர் கையாண்ட அளவுகோலும் தோராய மொழிதான்: தளப்பரப்பில் சதுர அடிக்கு எத்தனை பவுண்டு இரும்பு. 1931-இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சுமார் 42. கானின் ஜான் ஹான்காக் மையம், நூறு மாடி, 1969-இல் எழுந்தது 29.7 பவுண்டில். எதை எவ்வளவு குறைத்தோம் என்று தெரிய, வழக்கமாக எவ்வளவு ஆகும் என்பது முதலில் கையில் இருக்க வேண்டும். நம் ஊரில் சதுர அடிக்கு நாலு கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமெண்ட் என்று சொல்வதும் இதே மொழிதான். ஒப்பந்தக்காரர் ஆறு கிலோ கணக்குக் காட்டினால் ஏன் என்று வீட்டுக்காரர் கேட்க முடிவது இந்த எண்ணால்.

இனி, எதிர்த்தரப்பில் உண்மை இருக்கும் இடம். தம்ப் ரூல் கெட்டுப்போவதும் உண்டு. ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தூண், நாலு பன்னிரண்டு எம்.எம். கம்பி என்பது தமிழ்நாட்டில் எத்தனையோ மேஸ்திரிகளின் கைவசமுள்ள விதி. ஒற்றைத்தளச் சிறிய வீட்டுக்குப் பிறந்த அந்த அளவு, மேலே ஒரு மாடி, அதற்கும் மேலே ஒரு மாடி என்று ஏறியபோதும் மாறவில்லை. 2002-இல் சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. அத்தகைய மண்டலங்களுக்கான ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு, தூணின் குறைந்தபட்ச அளவு 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதன்படி ஒன்பது அங்குலம், அதாவது 230, போதவே போதாது. ஆனாலும் இன்றும் தெருவுக்குத் தெரு ஒன்பது அங்குலத் தூண் எழும்புகிறது. நூறு சதுர அடிக்கு ஒரு டன் ஏ.சி. என்பதும் அப்படித்தான். மொட்டை மாடிக்குக் கீழே, மேற்கு வெயிலில் காயும் படுக்கையறைக்கு அது பொருந்தலாம். நடுத்தளத்தில், நிழலில் இருக்கும் அறைக்கு அதே கணக்கைப் போட்டால் பணமும் மின்சாரமும் வீண். பெரிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடி ஈரப்பதத்தையும் சரியாக எடுக்காது.

ஆனால் இவை தம்ப் ரூலைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் ஆகா. எந்தக் கட்டடத்துக்கு, எத்தனை தளத்துக்கு, எந்த மண்ணுக்கு, எந்தக் குறியீட்டின் காலத்தில் பிறந்தது என்ற விலாசத்தோடு ஒவ்வொரு விதியையும் கற்பிக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். மேஸ்திரியின் கையில் விலாசமில்லாத விதி இருப்பதற்கு யார் பொறுப்பு? விலாசத்தோடு சொல்லித்தர வேண்டிய ஆர்க்கிடெக்டும் இன்ஜினியரும் அது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வெற்றிடத்தில் ஒன்பது அங்குலம் மட்டும் மிஞ்சியது.

கட்டமைப்புக்கு வெளியேயும் இப்படி எத்தனையோ நல்ல விதிகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் பிளோண்டெல் படிக்கட்டுக்கு ஒரு விதி சொன்னார்: இரண்டு படி உயரத்தோடு ஒரு மிதிகட்டையின் அகலத்தைக் கூட்டினால் மனிதரின் ஒரு நடையளவு வர வேண்டும். இன்று அதை 60 முதல் 64 சென்டிமீட்டர் என்று எடுக்கிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுக்குச் சொல்லும் அதிகபட்ச உயரம் 19 சென்டிமீட்டர், குறைந்தபட்ச மிதி 25; கூட்டிப் பார்த்தால் 63. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய விதி அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதே தொகுப்பு, சென்னை போன்ற ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு தளப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இருபது சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றை வைத்துவிட்டுக் காற்றே வரவில்லை என்று ஏ.சி. மாட்டுகிற வீடுகளில், அந்த நாலு சதுர அடிப் பற்றாக்குறை பிளானில் பென்சிலால் வகுத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். வெளிச்சத்தை உருவகப்படுத்தும் மென்பொருள் இதைச் சொல்லும்தான்; ஜன்னலின் இடமும் அளவும் முடிவான பிறகு சொல்லும்.

ஆகவே மாற வேண்டியது பாடத்திட்டத்திலும் ஜூரியிலும். மாணவர் முப்பரிமாணப் படத்தை ஒட்டிவிட்டு நிற்கும்போது, கருத்து என்ன, உத்வேகம் எங்கிருந்து என்று கேட்கும் ஆசிரியர்கள், நீளமான அந்த பீமின் ஆழம் எவ்வளவு, இந்தத் தூணின் தலையில் எத்தனை டன், ஃபுட்டிங் பக்கத்துக்கு எத்தனை மீட்டர், ஃபால்ஸ் சீலிங்கின் அடி உயரம் என்ன என்றும் கேட்க வேண்டும். பதில் பத்து சதவீதம் தவறினால் பரவாயில்லை. இரண்டு மடங்கு தவறினால் அந்த வடிவமைப்பு இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். அலுவலகங்களில் முதல் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, எடுத்துக்கொண்ட நீளம், ஆழம், சுமை, மண்ணின் தாங்குதிறன், ஒவ்வொரு எண்ணும் எந்த விதியிலிருந்து வந்தது என்பதை எழுதிவைக்கலாம். மூன்று மாதம் கழித்து மென்பொருளின் முடிவு வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால், எது தவறு என்று தெரியும்வரை அந்த வரைபடம் தளத்துக்குப் போகக் கூடாது. கம்பி கட்டுகிறவர்கள் காத்திருந்தாலும், சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தாலும்.